ஜல்தியின் இடது காது

ஆரணியில் கடற்கரை கிடையாது. அதற்காக ஊர்க்காரர்கள் யாரும் மனு போட்டதாகத் தெரியவில்லை. ஏரிக்கரை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை மனது வைத்தால் ஏரியில் தண்ணீரும் இருக்கும். மார்கழி விடியலில் பனி இறங்கி எதிர்க்கரை மறைந்துவிட்டால், அந்தப் பக்கம் ஒரு துறைமுகம் இருக்கிறது என்று சொன்னாலும் மறுப்பதற்கு ஆதாரம் கிடையாது. ராபர்ட் தினமும் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு அந்தக் கரைமேல்தான் நடப்பான்.

நாயின் பெயர் ஜல்தி, அதாவது சீக்கிரம். கண்ணமங்கலம் பஸ் நிறுத்தத்தில் குட்டியாகக் கிடைத்த நாட்டு நாய். பெயர் வைத்தவள் தங்கை ஹெப்சிபா. நாய் அந்தப் பெயரைத் தன்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொண்டது. முதல் தடவை கூப்பிட்டால் காது மட்டும் அசையும். இரண்டாம் தடவை, யார் அது என்று திரும்பிப் பார்க்கும். மூன்றாம் தடவைக்கு எழுந்து, முன்னும் பின்னும் உடம்பை நீட்டிச் சோம்பல் முறித்து, தனக்கும் அந்தப் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல நடந்து வரும். இடது காதின் நுனி கிழிந்து இரண்டாகப் பிரிந்திருக்கும். ஏதோ பழைய எலும்புத் தகராறு.

அப்பா போன பிறகு, அந்த வீட்டில் ராபர்ட்டிடம் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்ட ஒரே ஜீவன் ஜல்திதான். மற்றவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நாய் சொல்லவில்லை. அதனாலேயே அவனுக்கு அதன்மேல் மரியாதை.

ராபர்ட்டுக்குத் தனசேகரன் பட்டுக் கடையில் டிசைனர் வேலை. கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைப்பான். அந்தப் புள்ளிகள் அட்டையில் ஓட்டைகளாக மாறும். அட்டைகள் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் ஏறி, எந்த இழை எழ வேண்டும், எந்த இழை படுக்க வேண்டும் என்று கட்டளை போடும். கடைசியில் புடவையில் ஒரு மயில் நிற்கும்.

மயில் நிற்பதில்தான் முதலாளிக்கு வருத்தம்.

"எல்லாக் கடையிலயும் மயிலு, கிளி, அன்னம்," என்றார் தனசேகரன். "அன்னத்த எவன்டா பாத்திருக்கான். பாத்த பறவையா போடு."

அப்படித்தான் நாயின் காலை நடை அலுவலகப் பணியாக மாறியது. வேலூர் கல்லூரியில் விலங்கியல் படிக்கும் ஹெப்சிபாவின் பைனாகுலர் கழுத்தில், கேமரா தோளில், நாய் கையில். மதகுக் கல்மேல் உட்காரும் மீன்கொத்தி, நாணல் ஓரத்தில் லேசாக நொண்டும் நீலத் தாழைக்கோழி, கரைச் சரிவில் ஜோடியாக நிற்கும் ஆள்காட்டிகள் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துவந்து கட்டத்தில் அடைத்தான். புடவைகள் நன்றாகவே ஓடின. வாட்ஸப்பில் மட்டும் ஒரு குறை வந்தது.

"பெருசு பண்ணிப் பாக்கறாங்கடா," என்றார் தனசேகரன். "பறவைக்குக் கண்ணு எங்கன்னு கேக்கறாங்க."

கண் கிடையாதுதான். ஊரில் பழைய டிசைன் எதிலும் பறவைக்குக் கண் இருந்ததில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுப் பட்டுதான் இருக்கும். ஒற்றைப் புள்ளி இழை நிற்காது, நழுவிவிடும், அதனால் விட்டுவிட்டார்கள் என்று ராபர்ட் நினைத்தான். நழுவாதபடி பக்கத்து இழைகளோடு பின்னி, சிவப்புப் பட்டில் ஒரே ஒரு புள்ளி வைக்க வழி கண்டுபிடித்தான். கண்டுபிடித்த அன்று தனக்குத்தானே ஒரு டீ வாங்கிக்கொடுத்துக் கொண்டாடினான்.

நெய்பவர் லோகநாதன். நாற்பது வயதுக்காரர். இழை ஒன்று விட்டுப்போனால் அன்றைக்குச் சோறு இறங்காத ஆள். புதுப் புள்ளியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கோயில்ல சாமிக்குக் கண்ணு தொறக்கறதுன்னா நாள் பாத்து, தெரை போட்டுத் தொறப்பாங்க. நீ இன்னாடான்னா மவுசால தொறக்கற."

"மீன்கொத்திக்கு எதுக்குண்ணே தெரை. அது ஒண்ணும் வெக்கப்படற பறவை இல்ல."

ராபர்ட் தறிப்பக்கம் அதிகம் போவதில்லை. போனாலும் அவனுக்குப் புரிவதில்லை. அவன் திரையில் நிமிர்ந்து நிற்கும் டிசைன், தறியில் குப்புறப் படுத்திருக்கும். முகம் கீழே, மேலே தெரிவது புடவையின் முதுகு. நெசவு சரியாக விழுகிறதா என்று பார்க்க, லோகநாதன் தன் ஷேவிங் கண்ணாடியை அடியில் நீட்டி, பல் டாக்டர் மாதிரி எட்டிப் பார்ப்பார்.

மீன்கொத்திப் புடவை தறியில் ஏறிய வாரம், மதகுக் கல் காலியாக இருந்தது. கல்மேல் மீன் செதில்கள் ஈரமாக மின்னின. அந்தக் கல்லைப் பார்த்து ஜல்தி நின்றுவிட்டது. முதுகு மயிர் மெல்ல எழுந்தது. ராபர்ட் இழுத்தும் நகரவில்லை.

அடுத்து நொண்டித் தாழைக்கோழி காணாமல் போனது. அதற்கடுத்து ஆள்காட்டி ஜோடியில் ஒன்று. புடவைக்காகக் கேமராவில் விழுந்த அதே ஒன்று. மிஞ்சியது சரிவில் தனியாக நின்று, ராபர்ட்டைக் கண்டாலே கத்த ஆரம்பித்தது. முன்பும் கத்தும்தான், யாரைக் கண்டாலும் கத்தி ஊருக்குக் காட்டிக்கொடுப்பதுதான் அதன் குலத்தொழில். இப்போது அவன் கரையை விட்டு இறங்கும்வரை தலைக்கு மேலேயே சுற்றிவந்து கத்தியது.

"பறவைன்னா பறக்கும்," என்றாள் ஹெப்சிபா. "அதுக்குத்தான் பறவைன்னு பேரு. இதெல்லாம் ஒரு விஷயமாண்ணா?"

"நொண்டிகினு இருந்த கோழி எவ்ளோ தூரம் போவும்?"

"கீரிப்பிள்ள வயித்துக்குள்ள. அவ்ளோ தூரம் போவும்."

படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ராபர்ட் விட்டிருப்பான். நத்தைகுத்தி நாரை விஷயத்தில்தான் விட முடியவில்லை.

அன்றைக்குப் பனி இல்லை. கரையோரத் தண்ணீரில் நாரை நின்றது. கூர்ந்து பார்த்தால் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே இருக்கும் சந்தில் வானம் தெரிந்தது. ராபர்ட் அதைப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. லோகநாதன்.

"தம்பி, நத்தகுத்தி கண்ணு இப்பத்தான் விழுந்துச்சு. சும்மா ஜம்முனு கீது. வந்து பாக்கறியா?"

பைனாகுலருக்குள் தண்ணீர் மட்டும் இருந்தது.

பறந்திருந்தால் இறக்கை தெரிந்திருக்கும். இறங்கியிருந்தால் அலை வெளியே போயிருக்கும். அங்கே இரண்டு சின்ன வட்டங்கள், இரண்டு கால்கள் நின்ற இடத்தில், வெளியிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டிருந்தன. சுருங்கிச் சுருங்கி நடுவில் மூடிக்கொண்டன. ஜல்தி ஊளையிடவில்லை, குரைக்கவில்லை. ராபர்ட்டின் காலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது, கூப்பிடாமலேயே. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

அன்றோடு கண் வைப்பதை நிறுத்தினான். முதலாளியிடம், கண் வைத்தால் இழை சிக்குகிறது என்று சொல்லி வைத்தான். வாட்ஸப்பில் கேட்டவர்களுக்கு, பாரம்பரியம் என்று பதில் போனது. எல்லோரும் சமாதானமானார்கள். பாரம்பரியம் என்று சொல்லிவிட்டால் இந்த ஊரில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

தை மாதம் முதலாளியின் மகள் சுகன்யாவுக்குக் கல்யாணம். ராபர்ட்டோடு பள்ளியில் படித்தவள். சென்னையிலிருந்து வந்தவள் நேரே கடைக்கு வந்து, அவன் மேசைமேல் கையூன்றினாள்.

"ரிசப்ஷன் பொடவைக்கு முந்தில ஜல்தி வேணும்."

"இன்னா ஜல்தி?"

"உன் ஸ்டேட்டஸ்ல தெனம் வருதே, அந்த மூஞ்சி. காது கிழிஞ்சது."

"நாயி," என்றார் தனசேகரன் பின்னாலிருந்து. "நாயக் கட்டிகினு மேடையில நிக்கப்போறா. தேசூர்லர்ந்து சம்மந்தி வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டு இன்னா சொல்வாங்க?"

"இந்த மாதிரி எங்களுக்கும் நாலு போடுங்கன்னு சொல்வாங்கப்பா. நீங்க கடைக்காரரு, அதப் பாருங்க."

தனசேகரன் அதைப் பார்த்தார். சம்மதித்தார்.

ராபர்ட் முடியாது என்று சொல்லிப் பார்த்தான். வேறு நாய் போடலாம், மான் போடலாம், மாங்காய் போடலாம் என்றான். எதற்கு என்று கேட்டார்கள். காரணத்தைச் சொன்னால் படவேட்டில் ஒரு ஆள் வேப்பிலை அடிப்பார் என்று விலாசம் கொடுப்பார்கள். கடைசியில் கண்தானே விஷயம், கண் வைக்காவிட்டால் போயிற்று என்று உட்கார்ந்தான்.

முந்தியின் நடுவில் தாமரை. இரண்டு பக்கமும் தாமரையைப் பார்த்து நிற்கும் இரண்டு நாய்கள். வலது ஓரத்தில் நின்று இடப்பக்கம் பார்க்கும் நாயைப் போட்டோவிலிருந்து வரைந்தான். இடது காது கிழிசல் சரியாக விழுந்தது. எதிரில் நிற்பதை வரையவே இல்லை. மிரர் பட்டனைத் தட்டினால் கண்ணாடியில் விழுந்ததுபோல இன்னொன்று பிறந்துவிடும். அந்த இன்னொன்றுக்கு வலது காது கிழிந்திருந்தது. அப்படி ஒரு நாய் உலகத்தில் இல்லை. இல்லாத நாய்க்கு யார் கவலைப்படப்போகிறார்கள்? கண் இருக்க வேண்டிய கட்டத்தை இரண்டு நாய்க்கும் வெறுமையாக விட்டான். விட்டதைப் பலமுறை சரிபார்த்துவிட்டுத்தான் அட்டை அடிக்கக் கொடுத்தான்.

முந்தி தறியில் ஏறியிருந்த நாட்களில் அவன் சரியாகத் தூங்கவில்லை. காலையில் கண் விழித்ததும் கையை நீட்டிப் பார்ப்பான். கட்டிலுக்குக் கீழே சொரசொரவென்று முதுகு தட்டுப்படும். பிறகுதான் எழுந்திருப்பான்.

ஒரு நாள் அதிகாலை, கரைமேல் நடந்துகொண்டிருந்தபோது, கையிலிருந்த நாய்க் கயிறு லேசானது.

அறுந்துபோனால் ஒரு இழுப்பு தெரியும். அப்படி எதுவும் இல்லை. எடை மட்டும் போனது, பேசிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நிறுத்தியது மாதிரி. திரும்பிப் பார்த்தான். கழுத்துப் பட்டை தரையில் கிடந்தது. கொக்கி போட்டபடியே, வட்டமாக. எடுத்துப் பார்த்தான். உள்பக்கம் சூடாக இருந்தது. ஈர மண்ணில் கால் தடங்கள் அதுவரை வந்து, அதற்குமேல் இல்லை.

"ஜல்தி," என்றான். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். பிறகு எத்தனை தரம் என்று தெரியாமல் கூப்பிட்டான். ஆள்காட்டி மட்டும் தலைக்கு மேலே வந்து பதில் சொன்னது.

லோகநாதன் வீட்டுக்கு ஓடினான். தறி நின்றிருந்தது. அவர் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்தது.

"வா தம்பி. நானே போன் பண்ணலாம்னு இருந்தேன். உன் மானத்தக் காப்பாத்திட்டேன்."

"இன்னாண்ணே பண்ணீங்க?"

"நாயிக்குக் கண்ணு வைக்க மறந்துட்ட நீ. அட்டையில புள்ளி மிஸ்ஸாயிருக்குது. மொதலாளி பொண்ணு பொடவை, குருட்டு நாய அனுப்பினா என் பேரு இன்னா ஆவறது? உன்னை எதுக்குக் காலங்காத்தால பேஜார் பண்ணணும்னு, செவப்புப் பட்டு எடுத்து நானே கையால கட்டிட்டேன். ரெண்டுக்கும்."

ராபர்ட் அவர் கையைப் பிடித்து உள்ளே தறிக்கு இழுத்துப்போனான்.

"எடுத்துடுங்கண்ணே."

"இன்னாத்துக்கு?"

"நாயக் காணோம்ணே."

"எந்த நாயி?"

"இந்த நாயிதான்."

லோகநாதன் தறியைப் பார்த்தார், ராபர்ட்டைப் பார்த்தார், மறுபடி தறியைப் பார்த்தார்.

"இங்கதான கீது," என்றார்.

அவர் கிண்டல் செய்யவில்லை. பையனுக்குத் தூக்கம் போதவில்லை, டீ வாங்கித் தரலாம் என்று சொம்பை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். ராபர்ட் தறிக்குழியில் இறங்கி முந்தியின்மேல் குனிந்தான். தாமரை, அதற்கு இரண்டு பக்கமும் நாய்கள், இழை முடிச்சுகளுக்கு நடுவே இரண்டு சிவப்புப் புள்ளிகள். இடப்பக்கம் பார்ப்பதுதான் ஜல்தி. அவன் வரைந்தது அதைத்தான். பக்கத்தில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, அதன் கண்ணில் நுழைத்து நெம்பினான்.

ஒரு புள்ளிக்கு எவ்வளவு நூல் வேண்டும்? கடுகளவு. வந்தது அவ்வளவு இல்லை. இழுக்க இழுக்க, ஒரு முழத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தது. நுனி ஈரமாக இருந்தது. ஏரிச் சேறு வாடை அடித்தது.

இன்னொன்றின் கண்ணைத் தொடவில்லை. அது யாருடைய நாயும் இல்லை. தவிர, தெருவில் லோகநாதனின் செருப்புச் சத்தம் கேட்டது.

ஏரிக்கரையில் நாய் நின்றிருந்தது. பட்டை கிடந்த அதே இடத்தில், நனைந்து, நேராக இவனைப் பார்த்துக்கொண்டு.

"ஜல்தி," என்றான் ராபர்ட்.

முதல் கூப்பிடலுக்கே நாய் ஓடி வந்தது.

கட்டிப்பிடித்துக்கொண்டான். ஈர மயிரில் முகத்தைப் புதைத்தான். பிறகு எப்போதும்போல இடது காது நுனியை விரலால் தேடினான். காது முழுசாக இருந்தது. கிழிசல் வலது காதில் இருந்தது.

வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அம்மா கூப்பிட்டாள், வந்தது. உட்கார் என்றாள், உட்கார்ந்தது. "இப்பத்தான் புத்தி வந்துருக்குது," என்று ரொட்டி போட்டாள். ஹெப்சிபா மட்டும் காதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கமா இருந்துச்சு?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் கையை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் நாயைத் தொடவில்லை. விலங்கியலில் இதற்கு விளக்கம் இருக்கும் என்று ராபர்ட் சொல்லிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

படுக்கையில் கையை நீட்டினால் நாய் இருந்தது. ஆனால் கட்டிலின் அந்தப் பக்கம்.

மறுநாள் கரையில் அது முன்னால் ஓடியது, ஆள்காட்டி நின்ற சரிவுக்கு நேராக. நண்டு அசைந்தாலும் கத்துகிற பறவை. நாய் மூக்கு உரசும் தூரத்தில் போய் நின்றது. பறவை ராபர்ட்டைப் பார்த்துத்தான் கத்தியது. நாயை அது பார்க்கவே இல்லை.

பிறகு நாய் தண்ணீர் ஓரத்துக்கு இறங்கி எட்டிப் பார்த்தது. ராபர்ட்டும் பார்த்தான். தண்ணீரில் வானம் இருந்தது, கரை இருந்தது, அவன் இருந்தான். நாய் இல்லை. கொஞ்சநேரம் கழித்து, தண்ணீருக்குள், தனக்கும் அந்தப் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல, ஒரு நாய் மெதுவாக நடந்து வந்து நின்றது. அண்ணாந்து ராபர்ட்டைப் பார்த்தது. அவனை நேருக்கு நேராகப் பார்த்து நின்ற அந்த நாய்க்கு இடது காது கிழிந்திருந்தது.

கண்ணாடி, என்று அவனுக்குத் தோன்றியது. லோகநாதனின் ஷேவிங் கண்ணாடி. குப்புறப் படுத்திருந்த புடவை. அவன் குனிந்து பார்த்தது புடவையின் முதுகை. முதுகில் இடது, முகத்தில் வலது. இடப்பக்கம் பார்க்கிறது என்று அவன் கண்ணைப் பிடுங்கியது மிரர் பட்டன் போட்ட நாய்க்கு. இல்லாததை வெளியே விட்டுவிட்டு, இருந்ததை உள்ளேயே பூட்டிவிட்டு வந்திருக்கிறான். திரையில் புள்ளி வைப்பவன் தறியில் கைவைத்தால் இதுதான் நடக்கும்.

தறிக்குப் போனான். முந்தி இருந்த இடம் காலியாக இருந்தது.

"மொதலாளி நேத்தே வந்து அறுத்துகினு போயிட்டாரு," என்றார் லோகநாதன். அவர் முகம் வாடியிருந்தது. "ஒரு கண்ண எலி இழுத்துடுச்சு தம்பி. மறுபடி கட்டித் தரேன்னு சொன்னேன், கேக்கல. பாதிக் குருட்டு நாயோட மேடையேறப் போவுது பொண்ணு."

சுகன்யாவுக்குப் போன் செய்தான். கல்யாணப் பெண் போனை எடுக்கவில்லை. புடவை முதலாளி வீட்டு பீரோவில் நகைகளோடு படுத்திருந்தது. அந்த பீரோவைத் திறக்கச் சொல்ல ஒரு டிசைனரால் முடியாது. ரிசப்ஷன்வரை காத்திருந்தான். தினமும் காலையில் தண்ணீரில் அது வந்ததா என்று பார்த்தான். வந்தது. ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் தாமதமாக, இன்னும் கொஞ்சம் ஆழத்தில் வந்தது. கடைசி நாள், அது நாய்தான் என்று தெரிந்தவனுக்கு மட்டுமே தெரியும் அளவுக்கு மங்கிப்போயிருந்தது.

ரிசப்ஷன் அன்று சாயங்காலம், நாயை மண்டப வாசலில் வாழைமரத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில் கட்டினான். இரு என்றான், இருந்தது. சட்டைப்பையில் மொய்க் கவரும் ஊசியும். வரிசையில் நின்று மேடை ஏறினான்.

சுகன்யா முந்தியைக் கைமேல் மடித்துப் போட்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை அன்பரசு, காலையிலிருந்து சிரித்த களைப்பில். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு நாய்களும் பளபளத்தன. ஒன்றின் கண் இடத்தில் ஓட்டை. இன்னொன்று, இடது காது கிழிந்தது, ராபர்ட்டைப் பார்த்தது.

"சுகன்யா, முந்திய ஒரு நிமிஷம் குடு."

"சிரிச்சிகினே பேசு, போட்டோ எடுத்துகினு இருக்கான்," என்றாள் உதட்டை அசைக்காமல். "எதுக்கு?"

"கண்ணு ஒண்ண எடுக்கணும். கேள்வி கேக்காத."

அவள் புன்னகை அப்படியே இருந்தது. குரல் மட்டும் இறங்கியது.

"ராபர்ட்டு, கட்டினதுலர்ந்து இந்த முந்தி சூடா கீதுடா. ஏசி ஹால்ல மத்ததெல்லாம் ஜில்லுனு இருக்குது, இது மட்டும் சூடு. கைமேல ஏதோ மூச்சு விடற மாதிரி. அம்மாகிட்ட சொன்னா பட்டுன்னா அப்படித்தான்னு சொல்றாங்க."

"மெதுவா விடுதா, ஜல்தியா விடுதா?"

"மெதுவாத்தான். நடுவுல நிக்குது. அப்பறம் மறுபடி வருது." நிறுத்தினாள். "கொஞ்ச நேரமா வரல."

ராபர்ட் முந்தியைச் சரிசெய்வதுபோலக் குனிந்து ஊசியை நுழைத்தான். லோகநாதனின் முடிச்சு. இழை விட்டுப்போனால் சோறு இறங்காத ஆளின் முடிச்சு. நகரவில்லை.

"சார், இங்க பாருங்க சார்," என்றான் போட்டோகிராபர்.

"ரெண்டு பேரும் இன்னா பேசிகினு கீறீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"நாயப் பத்தி," என்றாள் சுகன்யா, சிரித்தபடியே. தன் நகத்தால் முடிச்சின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். ராபர்ட் இழுத்தான். நூல் வந்தது. விரலில் சுற்றச் சுற்ற வந்துகொண்டே இருந்தது. பட்டுப்புடவையிலிருந்து சொட்டுச் சொட்டாக மேடை விரிப்பில் ஏரித் தண்ணீர் சொட்டியது. நுனி விடுபட்ட நொடியில் சுகன்யா, "ஜில்லுனு ஆயிடுச்சு," என்றாள். பிளாஷ் மின்னியது.

வெளியே ஒரு நாய் குரைத்தது. ஒரே ஒரு தடவை, வேண்டாவெறுப்பாக.

மொய்க் கவர் சட்டைப்பையிலேயே இருக்க, ராபர்ட் மேடையிலிருந்து குதித்து ஓடினான். மண்டப வாசலில் மணமக்கள் பேர் எழுதி, வண்ணப் பொடியில் பெரிய தாமரை போட்டிருந்தார்கள். தாமரைக்கு இந்தப் பக்கம் ஒரு நாய். அந்தப் பக்கம் ஒரு நாய். ஒன்றையொன்று பார்த்தபடி, ஒரே தூரத்தில், ஒரே மாதிரி வாலை வளைத்து நின்றன. வந்துபோகிறவர்கள் பொம்மை என்று நினைத்து விலகி நடந்தார்கள். ஒரு குழந்தை, நல்லா செஞ்சிருக்காங்க என்றது.

கம்பத்தில் கட்டியிருந்த கயிறு, முடிச்சு அவிழாமல், தரையில் கிடந்தது.

வெளிச்சம் நேராக இல்லை. காதுகள் நிழலில் இருந்தன. ராபர்ட் கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிட்டான்.

"ஜல்தி."

ஒன்று உடனே ஓடி வந்து காலடியில் உட்கார்ந்தது. வாலை ஆட்டியது. அதன் கண் அவனையே பார்த்தது, எதையும் செய்யத் தயார் என்பதுபோல. அவன் அதைத் தொடவில்லை. எதிரில் நின்றதைப் பார்த்தான். அதன் காது மட்டும் அசைந்தது.

"ஜல்தி."

திரும்பிப் பார்த்தது.

"ஜல்தி," என்றான் மூன்றாம் தடவை. அந்த நாய் முன்னும் பின்னும் உடம்பை நீட்டிச் சோம்பல் முறித்தது. தாமரையை நடுவாக மிதித்து, மணமகன் பேரைப் பாதி அழித்து, அவனைத் தாண்டிப்போவதுபோல நடந்து வந்து, கடைசி நிமிடத்தில் மனம் மாறியதுபோல அவன் முழங்காலில் தலையை முட்டியது. இடது காது. நுனி இரண்டாகப் பிரிந்திருந்தது. விரலை அதன் நடுவில் வைத்துக்கொண்டு ராபர்ட் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நிமிர்ந்து பார்த்தபோது இன்னொன்றைக் காணவில்லை. தேடவும் இல்லை.

இப்போது ராபர்ட் மாங்காய் மட்டும்தான் போடுகிறான். மாங்காய்க்குக் கண் கிடையாது. முதலாளி பேஜாராகிறார், ஆனால் மாங்காயும் ஓடத்தான் செய்கிறது. மீன்கொத்தியும் தாழைக்கோழியும் ஆள்காட்டியின் ஜோடியும் நாரையும் எந்த ஊரில், யார் வீட்டு பீரோவில், நாப்தலின் உருண்டைகளுக்கு நடுவே இருக்கின்றன என்று அவனுக்குத் தெரியாது. ஆள்காட்டிக்கு அது தெரியும்போல. அவன் கரை ஏறும்போதெல்லாம் கத்துகிறது. ஜல்தியைப் பார்த்தும் கத்துகிறது. அந்தக் கத்தல் அவனுக்கு ஒருவகையில் நிம்மதி.

கல்யாணம் முடிந்த முதல் காலை, பனி விலகாத நேரம், வழக்கம்போலக் கரையில் நடந்தார்கள். மதகுக்குப் பக்கத்தில் ஜல்திக்குத் தாகம் எடுத்தது. நின்று, யோசித்து, சரிவில் ஒரு கால் வைத்து, மறுபடி யோசித்து, மெதுவாகத் தண்ணீரை நோக்கி இறங்கியது.

அது போய்ச் சேருவதற்கு முன்னாலேயே, தண்ணீரில் வலது காது கிழிந்த அதன் நிழல் வந்து நின்று காத்துக்கொண்டிருந்தது.